வெளிச்சம் தரலாம், குளிர்காலம் தர முடியாது

அலுவலக மேசையில் பூச்சியுண்ணும் செடி வைக்க ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது பெரும்பாலும் வீனஸ் ஃபிளைட்ராப்பைத்தான். ஓராண்டு, ஈராண்டில் அது நலிந்து கறுத்துப்போகிறது. தனக்குக் கைராசி இல்லை என்று அவர் இந்தத் தாவரங்களையே விட்டுவிடுகிறார். அந்த இடத்துக்கு ஒவ்வாத செடியைக் கொடுத்தனுப்பியவர் மேல்தான் பொறுப்பு இருக்கிறது.

அலுவலகத்தின் வெளிச்சக் குறை தீர்க்கக்கூடியது. கூரை விளக்குகள் மேசை மட்டத்தில் தருவது பொதுவாக 300 முதல் 500 லக்ஸ். வெள்ளை எல்.இ.டி. ஒளியில் 500 லக்ஸ் என்றால், செடியின் கணக்கில் சதுர மீட்டருக்கு நொடிக்கு ஏறத்தாழ 7 மைக்ரோமோல்தான். இலைமுடியின் பசையால் பூச்சி பிடிக்கும் டிரோசெராவின் முடிகள் சிவந்து, அவற்றில் பசைத்துளி திரண்டு நிற்க அதே அலகில் 100 முதல் 200 வரை வேண்டும். நம் கண் மங்கலுக்குப் பழகிவிடுவதால் இந்த இடைவெளி தெரிவதில்லை. ஆகவே லக்ஸ் மீட்டரை நம்புங்கள். 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. விளக்கைச் செடிக்கு மேலே தொங்கவிட்டு, இலை மட்டத்தில் 10,000 லக்ஸ் காட்டும்வரை இறக்குங்கள். டைமர் வைத்து நாளுக்கு 14 மணி நேரம் எரியவிட்டால் போதும். ஊதா விளக்கு அவசியமில்லை. அதில் இலையின் உண்மை நிறம் தெரியாது, பக்கத்து மேசைக்காரரின் கண்ணும் உறுத்தும். விடுமுறையில் மின்சாரத்தை நிறுத்திவிடும் அலுவலகமா என்பதை மட்டும் முன்பே விசாரியுங்கள்.

குளிர்காலத்துக்கு இப்படி வழி கிடையாது. ஃபிளைட்ராப்பின் தாயகம் அமெரிக்காவில் வட, தென் கரோலினாக்களின் கடலோரச் சமவெளி. பகல் குறுகி, வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் மூன்று நான்கு மாத உறக்கம் அதற்கு வேண்டும். சாரசீனியா என்ற பூச்சியுண்ணும் செடிக்கும் அப்படியே. ஆண்டு முழுவதும் 24 டிகிரியில் இருக்கும் ஏ.சி. அறையில் அந்த உறக்கம் வராது. சென்னை மொட்டைமாடியிலும் வராது. போதாததற்கு, வருகிறவர் போகிறவரெல்லாம் ஃபிளைட்ராப்பின் பொறியை விரலால் தொட்டு மூடவைப்பார்கள். உணவில்லாமல் மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் செடிக்கு வீண்செலவு. சில முறைக்குப் பின் அந்தப் பொறி மூடுவதே இல்லை.

உறக்கம் கேட்காத செடிகள் பல நம்மிடம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டிரோசெரா கேப்பென்சிஸ் மேலே சொன்ன விளக்கு வெளிச்சத்தில் நன்றாக வளரும். பிங்குவிகுலா மோரனென்சிஸ், அக்னாட்டா போன்ற மெக்சிகோ இனங்கள் ஏ.சி.யின் வறண்ட காற்றையும் தாங்கும். தொட்டி மண்ணிலிருந்து கிளம்பும் சிறு கொசுக்களை இலையிலேயே பிடித்துவிடும். வறட்சிப் பருவத்தில் மோரனென்சிஸ் பசையற்ற சின்னஞ்சிறு தடித்த இலைகளை விடுவது நோயல்ல. அப்போது தண்ணீரைக் குறைத்தால் போதும். தமிழ்நாட்டிலும் இயற்கையாக வளரும் டிரோசெரா பர்மானியை நான் தனியே பரிந்துரைப்பேன். நாணய அளவே இருக்கும் செடி. ஓரத்து நீள்முடிகள் சில நொடிகளில் பூச்சியின் மேல் வளைந்துவிடும். ஆயுள் குறைவு, ஆனால் தானே விதைத்து அடுத்த தலைமுறையைத் தரும். விதையை வளர்ப்பவரிடம் வாங்குங்கள்; காட்டிலிருந்து ஒரு செடியையும் பிடுங்காதீர்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவான டிடிஎஸ் 50-க்குக் கீழே இருக்கட்டும். ஆர்.ஓ. நீரில் சுவைக்காகத் தாது உப்பு சேர்த்திருக்கலாம். கேன் தண்ணீரும் அப்படியே. அளக்காமல் ஊற்றக் கூடாது. தொட்டியில் பீட் மாஸுக்குப் பதில் தென்னைநார்த் தூள் போடுகிறவர்கள், கழுவிய நீரின் டிடிஎஸ் இறங்கும்வரை அலச வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று தொட்டியில் எழுதி ஒட்டுங்கள்; துப்புரவுப் பணியாளரிடம் நேரிலும் சொல்லுங்கள். அன்போடு ஊற்றிய குழாய்த் தண்ணீரால் செத்த செடிகள் ஏராளம்.

இந்தச் செடிகளை விற்பவர்களுக்கும் பகிர்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: கொடுக்கும் முன், அந்த மேசையில் எத்தனை லக்ஸ், விடுமுறையில் மின்சாரம் உண்டா, தண்ணீரின் டிடிஎஸ் என்ன என்று கேளுங்கள். பதில் தெரியாதவருக்கு ஒரு மீட்டரை இரவல் கொடுங்கள். குளிர்காலம் தர முடியாதவர் ஃபிளைட்ராப்பைக் கேட்டால், காரணத்தைச் சொல்லிவிட்டு ஒரு கேப்பென்சிஸைக் கொடுங்கள். முதல் செடி பிழைத்தால்தான் ஒருவர் இரண்டாவது செடிக்கு வருவார்.