திரையில் வழங்கும் தீர்ப்பு

சென்ற சனிக்கிழமை இரவு நாம் ஒரு குற்றஞ் செய்தோம். தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக மேசையிற் காத்துக்கிடந்தன. விறாந்தையை அடுத்த அறையில் மூத்த மகன் ஓர் ஆங்கிலப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்குக் கண்ணாடியைத் தேடுவார்போல் நாமும் அங்கு சென்று நின்றோம். நின்றவர் கதிரையின் விளிம்பில் அமர்ந்தோம்; விளிம்பில் அமர்ந்தவர் சிறிது நேரத்தில் நன்றாகச் சாய்ந்தே அமர்ந்துவிட்டோம். படம் முடியும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை.

படம் 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டெத் விஷ் 3’. சார்ள்ஸ் புரொன்சன் கதாநாயகர். நியூயோர்க் நகரின் பாழடைந்த பகுதி ஒன்றில் முதியோர் பலர் வாழும் மாடிக் குடியிருப்பைக் கொடியோர் கூட்டமொன்று வதைக்கின்றது. கேர்சி என்னும் நமது கதாநாயகர் அங்கு குடிவந்து, சன்னலடியிலே பலகைப் பொறி வைக்கிறார். தபாலிற் பெரிய கைத்துப்பாக்கி ஒன்றை வரவழைக்கிறார். பின்பு இயந்திரத் துப்பாக்கியைத் தூக்குகிறார். ஈற்றிலே, ஓர் அறைக்குள் எதிரே நிற்கும் ஒற்றை மனிதனைக் கொல்வதற்கு றொக்கற் குண்டையே ஏவிவிடுகிறார். கொசுவைக் கொல்லக் கோடரி எடுத்த கதைதான். அவ்வேளை நமது இல்லத்தரசியார் குசினி வாசலில் நின்று, “இஞ்சருங்கோ, வகுப்பிலை பிரம்பு தொடாத மனிசன், இதிலை என்னத்தைக் கண்டு கைதட்டுறியள்?” என்று கேட்டார். நாம் கைதட்டினோம் என்பதை அப்பொழுதுதான் நாமே அறிந்தோம்.

வாசகர்களே, அக்கேள்விக்கு அன்றிரவு நம்மிடம் விடை இருக்கவில்லை. இவ்வாரம் அதனைத் தேடிப் பார்ப்போம்.

இவ்வின்பம் சலனப்படம் தோன்றிய பின் தோன்றியதன்று. பாரதத்திலே கீசகன் திரௌபதியைத் துன்புறுத்துகிறான். அவள் விராடனின் அவையிலே முறையிடுகிறாள். கீசகன் மைத்துனன் ஆதலின் மன்னன் வாய்திறவாதிருக்கிறான். அதன் பின்பே, இருளிலே நடனசாலையில் வீமன் காத்திருந்து அவன் கதையை முடிக்கிறான். மன்று வாய்மூடியவிடத்துத் தனிமனிதன் கைநீட்டுகிறான் என்பதே இதன் சாரம். பெயரையும் ஊரையும் மாற்றினால் இன்றைய படங்களுட் பாதிக்கு மேற்பட்டவற்றின் கதை இதுவே.

இத்தகைய படங்கள் நம்மை மயக்குதற்குக் காரணங்கள் மூன்று என எண்ணுகின்றோம். முதலாவது, குற்றம் நம் கண்முன்னே நிகழ்கிறது. ஆதலின் நாமே சாட்சி, நாமே நீதிபதி, ஐயத்திற்கு இடமேயில்லை. இரண்டாவது, காத்திருத்தல் இல்லை. ஒரு காணி வழக்குக்காகத் தவணை தவணையாக நீதிமன்றப் படியேறிக் கால் தேய்ந்தவர் நம்மில் எத்தனை பேர்! திரையிலோ ஒன்றரை மணி நேரத்தில் வழக்குத் தொடங்கி, விளங்கி, தண்டனையும் நிறைவேறிவிடுகிறது. மூன்றாவது, மிகைப்படுத்தலே நமக்கு அனுமதிச் சீட்டாகிறது. றொக்கற் குண்டைக் கண்டவுடன் மனம் ‘இது விளையாட்டு’ என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறது. பொய் பெரிதாகப் பெரிதாகப் பார்ப்பவனின் குற்றவுணர்ச்சி சிறிதாகின்றது.

ஆயினும் இவ்வரிசையின் முதற்படம் விளையாட்டாகத் தொடங்கியதன்று. பிறையன் கார்ஃபீல்ட் என்பார் 1972 இல் எழுதிய நாவலைத் தழுவி, மைக்கல் வின்னர் 1974 இல் அதனைப் படமாக்கினார். கேர்சி ஒரு கட்டடக் கலைஞர், சாதுவான மனிதர். வீடு புகுந்த மூவர் அவர் மனைவியைக் கொன்று, மகளைச் சீரழிக்கின்றனர். அதன்பின் அவர் இரவுதோறும் வீதியிற் சென்று, வழிப்பறிக்கு வருவோரைச் சுடுகிறார். நகரிலே வழிப்பறி குறைகிறது. அதிகாரிகளும் அவரைக் கைதுசெய்யாது, ஊரைவிட்டுப் போய்விடுமாறு மறைவாகச் சொல்லி அனுப்புகின்றனர். நாவலாசிரியருக்கோ படத்தின் போக்குப் பிடிக்கவில்லை. பழிவாங்கும் வழியை மறுத்து, 1975 இல் அக்கதையின் தொடர்ச்சியாக இன்னொரு நாவலை எழுதினார். ஆயினும் படவுலகம் அவர் சொல்லைக் கேட்கவில்லை. 1982, 1985, 1987, 1994 என நான்கு படங்கள் தொடர்ந்து வந்தன.

முதற்படத்திலே பலரும் கவனியாது விடுகின்ற செய்தி ஒன்றுண்டு. கேர்சி தம் மனைவியைக் கொன்ற மூவரையும் கடைசிவரை கண்டுபிடிப்பதேயில்லை! அவர் சுட்டவர் அனைவரும் வேறு ஆட்கள். பழிவாங்கும் கதை என்று நாம் எண்ணிப் பார்க்கும் படத்தில், பழி உரியவரைச் சென்று சேரவேயில்லை. அதனை உணராமலேயே நாம் மனநிறைவோடு எழுந்து செல்கிறோம். இதனைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்க.

தமிழ்த் திரையும் இவ்வழியை நன்கறியும். 1985 இல் ரஜினிகாந்த் நடித்த ‘நான் சிகப்பு மனிதன்’, 1984 இல் வெளிவந்த இந்திப் படமொன்றின் தழுவல். அந்த இந்திப் படமோ கேர்சியின் கதையை அடியொற்றியது. பின்னர் ‘ஜென்டில்மேன்’ (1993), ‘இந்தியன்’ (1996), ‘ரமணா’ (2002), ‘அந்நியன்’ (2005) என அவ்வரிசை நீண்டது. இவற்றுள் ‘நான் சிகப்பு மனிதன்’, ‘ரமணா’ ஆகிய இரண்டிலும் இரவில் நீதி வழங்கும் கதாநாயகர் பகலிற் கல்லூரி ஆசிரியர் என்பது நம் தொழிலோருக்கு ஒரு பெருமையோ, எச்சரிக்கையோ அறியோம். ரமணா இறுதியிலே தூக்குமேடை ஏறுகிறார். தீர்ப்பைத் தாமே எழுதியவர் தாமும் ஒரு தீர்ப்புக்கு உட்படவேண்டும் என்னும் நினைவு அப்படத்திற்கு இருந்தது. அந்த அளவிற்கு அதனைப் பாராட்டலாம்.

திரையை விட்டு இறங்கி வீதிக்கு வந்தால் யாது நிகழும்? 1984 டிசெம்பர் 22 ஆம் நாள், நியூயோர்க் சுரங்க இரயிலில் பேணாட் கோட்ஸ் என்பவர் தம்மிடம் பணங்கேட்டு அணுகிய நான்கு இளைஞரைச் சுட்டார். மக்களிற் பலர் அவரைக் கொண்டாடினர். பத்திரிகைகள் கேர்சியோடு ஒப்பிட்டன. 1987 இல் யூரிமார் கொலைமுயற்சிக் குற்றத்திலிருந்து அவரை விடுவித்து, உத்தரவின்றித் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்தை மட்டும் அவர்மேல் நிறுவினர். சுடப்பட்டவருள் ஒருவர் வாழ்நாள் முழுதும் நடக்கவியலாதவரானார். 1996 இல் வேறொரு யூரி, அவ்விளைஞருக்கு நான்கு கோடியே முப்பது இலட்சம் டொலர் நட்டஈடு வழங்குமாறு கோட்ஸுக்கு விதித்தது. சுட்டதற்குச் சில நொடிகளே சென்றன. எது நியாயம் என்று விசாரித்து முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

நியூயோர்க் வரை போவானேன்? நம் ஊரிலும் இப்படம் ஓடியதுண்டு. அதற்கு நுழைவுச்சீட்டு வேண்டியிருக்கவில்லை.

1986 அளவில், நாம் அரிவரி வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு காலை அம்மா நம் கையைப் பிடித்துப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்கையில், சந்தியிலே சனம் கூடி நின்றது. மின்கம்பத்திலே ஒருவர் கட்டப்பட்டிருந்தார். தலை சாய்ந்திருந்தது, கழுத்திலே எழுத்துள்ள மட்டையொன்று தொங்கியது. அம்மா சேலைத் தலைப்பினால் நம் கண்களை மூடினார். கண்ணை மூடியவர் காதை மூடவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் மெல்லிய குரலிற் சொன்னார்: “கள்ளனாம்.”

பல ஆண்டுகள் சென்று, தமிழ் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியரான பின்பே அச்சொல்லின் பாரம் நமக்கு விளங்கிற்று. ‘கள்ளன்’ என்று அவர் சொல்லவில்லை, ‘கள்ளனாம்’ என்றார். ‘ஆம்’ என்னும் அந்த ஈறு, நான் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது என்பதைக் காட்டுவது. சந்தியில் நின்ற அத்தனை பேரிலும் ‘கள்ளன்’ என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் ஒருவரேனும் இருந்திருப்பாரா? அவர் கள்ளனாகவும் இருந்திருக்கலாம். பக்கத்து வீட்டாரோடு வேலித் தகராறு பட்ட ஓர் ஏழையாகவும் இருந்திருக்கலாம். இனி அறிய வழியில்லை. துவக்கு அந்த ‘ஆம்’ என்ற ஈற்றை நிரந்தரமாக்கிவிட்டது.

சாட்சி, குறுக்கு விசாரணை, தவணை, மேன்முறையீடு என்று நாம் அலுத்துக்கொள்ளும் அத்தனையும் அந்த ஓரசையை நீக்குவதற்காகவே ஏற்பட்டவை. நீதிமன்றம் மெல்ல நடப்பதற்கு அதன் சோம்பலும் ஒரு காரணமாகலாம், அதனைத் திருத்தவேண்டியதே. ஆனால் ‘ஆம்’ நீங்குவதற்கு நேரஞ் செல்லும் என்பதும் ஒரு காரணம். திரைப்படத்திலே ‘ஆம்’ இல்லை. இயக்குநர் குற்றத்தை நமக்கு நேரே காட்டிவிடுகிறார். அங்கு நாம் கைதட்டுவது அதனாலேதான். அண்மைய ஆண்டுகளிற் குடாநாட்டில் இருளில் வாளோடு வீடுபுகும் இளைஞர் குழுக்களைப் பற்றிக் கேள்விப்படும்போது, அவர்கள் எந்தப் படத்தைப் பார்த்தார்களோ என நாம் கவலைப்படுவதில்லை. ‘ஆம்’ இல்லாத உலகில் தாம் வாழ்வதாக அவர்கள் நினைத்துவிட்டார்களே என்பதே நம் கவலை.

ஆதலின் இத்தகைய படங்களைப் பிள்ளைகளுக்குத் தடுக்கவேண்டுமோ? தாமே விடைத்தாளை ஒதுக்கிவைத்துப் பார்த்தவர் அவ்வாறு கூறுதல் அழகன்று. பார்க்கட்டும், சிரிக்கட்டும். பெற்றோரும் பக்கத்தில் அமர்ந்து பார்க்கட்டும். படம் முடிந்தபின் ஒரேயொரு கேள்வியை மட்டும் கேட்கட்டும்.

நாமும் அன்றிரவு மகனிடம் அதைக் கேட்டோம். “தம்பி, இவர் சுட்டவர்களில் ஒருவன் குற்றமில்லாதவனாக இருந்தால்?”

அவன் சிறிது நேரம் யோசித்தான். பின்பு, “அப்பிடியெண்டால் படம் ஓடாது அப்பா” என்றான்.

விடைத்தாளாக இருந்தால் முழுப் புள்ளியும் வழங்கியிருப்போம். படம் ஓடுவதற்காக விடப்பட்டது எதுவென்று அவன் கண்டுகொண்டான். எஞ்சிய விடைத்தாள்களை நாம் திருத்தி முடிக்கையில் இரவு ஒரு மணி. ஒரு மாணவனின் விடை வேறொருவனுடையதைப் பார்த்தெழுதியது போலத் தோன்றிற்று. சிவப்புப் பேனாவை எடுத்தோம், பின்பு வைத்துவிட்டோம். திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும்.