வர்த்தமானியில் விளையாத நெல்

காலநிலை விஞ்ஞானத்தை மறுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. பூமி வெப்பமடைகிறது என்பதே பொய் என்று வெளிப்படையாகச் சொல்வது முதல் வழி. 2015 பெப்ரவரியில் அமெரிக்க செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் ஒரு பனியுருண்டையைச் சபைக்குள் எடுத்து வந்து, இத்தனை குளிரில் வெப்பம் எங்கே என்று கேட்டது அந்த ரகம். காலநிலையின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே, அது நிற்கும் இரசாயனவியலையும் எண்கணிதத்தையும் தூக்கி எறிவது இரண்டாவது வழி. இலங்கையை ஆண்டவர்கள் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. அதற்கான விலையைத் திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாயும் தம்பலகாமமும் தம் வயல்களில் செலுத்தின.

2021 மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானியின் கதை வாசகர் அறிந்ததே. ஒரே அறிவித்தலில் இரசாயனப் பசளை, பீடைநாசினி, களைநாசினி ஆகியவற்றின் இறக்குமதி நின்றது. 2019 தேர்தல் விஞ்ஞாபனம் சேதனப் பசளைக்கு மாற 10 ஆண்டுகள் என்று சொல்லியிருந்தது. அந்தப் பத்து ஆண்டுகள் ஒரு போகத்துக்குள் சுருங்கின. 2021 நவம்பர் 24ஆம் திகதி தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்பு பெருமளவு முடிந்திருந்தது. இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு சமாதானம் இன்றுவரை மேடைதோறும் ஒலிக்கிறது: கொள்கை நல்லது, அவசரப்பட்டதுதான் பிழை. விவசாயிகளைத் தயார்ப்படுத்தியிருந்தால், அதிகாரிகள் ஒத்துழைத்திருந்தால் வெற்றி கிடைத்திருக்கும் என்கிறார்கள். இந்தச் சமாதானம் தடையைவிட ஆபத்தானது. தடை ஒரு போகத்தைத்தான் தின்றது. சமாதானமோ அடுத்த தடைக்கு வழி திறந்து வைத்திருக்கிறது.

பிழை வேகத்தில் மட்டும் இருக்கவில்லை, கணக்கிலேயே இருந்தது. கந்தளாய்க் குளத்தின் கீழ் ஓர் ஏக்கர் வயலில் 2 தொன் நெல் விளைந்தால், கதிரும் வைக்கோலுமாக அந்தப் பயிர் 35 முதல் 40 கிலோ வரை நைட்ரஜனை உறிஞ்சியிருக்கும். யூரியாவில் நைட்ரஜன் 46 வீதம். 40 கிலோ நைட்ரஜனுக்கு 87 கிலோ யூரியா போதும். 50 கிலோ மூடையில் இரண்டுகூட முழுதாகத் தேவையில்லை. நன்கு மக்கிய கூட்டெருவில் நைட்ரஜன் ஒன்று முதல் இரண்டு வீதம். ஒன்றரை வீதம் என்று வைத்தால், அதே 40 கிலோவுக்கு இரண்டரைத் தொன்னுக்கு மேல் கூட்டெரு வேண்டும். மண் தானாகத் தரும் பங்கையும், யூரியாவில் காற்றோடும் நீரோடும் போகும் பங்கையும் சேர்த்துப் பார்த்தாலும் இடைவெளி மலைக்கும் மடுவுக்குமானதே. ஒரு மூடை யூரியாவிலுள்ள நைட்ரஜனைத் தர 30 மூடை கூட்டெரு தேவை. அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். மீதி மண்ணில் மெல்ல மெல்லச் சிதைந்து பின்னர் வரும்.

நைட்ரஜன் போதாத வயலை அடையாளம் காண ஆய்வுகூடம் தேவையில்லை. முதலில் பழுப்பது அடியிலைகள். கையிருப்பில் உள்ள நைட்ரஜனை முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்புவது பயிரின் இயல்பு. பிறகு மட்டங்கள் குறையும், கதிர் சிறுக்கும். மட்டம் வெடிக்கும் காலத்திலும் குடலை கட்டும் காலத்திலும் மேற்பசளை இடுவது அதனால்தான். அந்த நாட்கள் தவறிப்போனால் பின்னால் கொட்டும் பசளை வைக்கோலைப் பச்சையாக்குமே தவிர நெல்மணியைக் கூட்டாது. நவம்பர் இறுதியில் தடை தளர்ந்ததும், பின்னர் கப்பல் வரும் என்று அறிவித்ததும் பல வயல்களுக்குப் பயன்படாமல் போன காரணம் இதுவே. பயிரின் நாட்காட்டி அமைச்சரவைக் கூட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை.

நாட்டளவில் இந்தக் கணக்கு இன்னும் அவமானகரமானது. பெரும்போகத்தில் 7 இலட்சம் ஹெக்டெயருக்கு மேல் நெல் விதைக்கப்படுகிறது. மேற்சொன்ன வீதப்படி அதற்கு 45 இலட்சம் தொன்னுக்கு மேல் கூட்டெரு வேண்டும். சீன நிறுவனம் ஒன்றிடம் கேட்கப்பட்ட சேதனப் பசளையோ 99,000 தொன். அதில் முதற்கப்பலான ‘ஹிப்போ ஸ்பிரிட்’ கொண்டுவந்த 20,000 தொன்னில் தீங்கான பக்டீரியா இருப்பதாகத் தாவரத் தனிமைப்படுத்தல் சேவை கண்டறிந்து தடுத்தது. பசளை இறங்கவில்லை, ஆனால் 60 இலட்சம் டொலருக்கு மேல் கொடுபட்டது. டொலரை மிச்சம் பிடிக்கத்தான் தடை என்று உள்ளே பேசிக்கொண்டவர்கள், வயலுக்கு வராத பசளைக்கு டொலர் செலுத்தினார்கள்.

அடுத்து, 2021 ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைட்ரஜன் திரவம் விமானத்தில் வந்தது. நனோ யூரியாவின் அரை லீற்றர் போத்தலில் உள்ள நைட்ரஜன் 4 வீதம், அதாவது சுமார் 20 கிராம். இந்தியாவில் 45 கிலோ மூடை ஒன்றுக்கு ஒரு போத்தல் ஈடு என்று விளம்பரம் செய்யப்பட்டது. மூடையில் இருப்பது 20 கிலோவுக்கு மேற்பட்ட நைட்ரஜன். ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை நனோ என்ற சொல் நிரப்பிவிடும் என்று நம்பியவர்களிடம்தான் நாட்டின் சோற்றுப்பானை ஒப்படைக்கப்பட்டிருந்தது. நைட்ரஜன் வட்டம் க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் இருக்கிறது. அதில் 16 வயது மாணவர் எழுதி முடிக்கும் விடையை அமைச்சரவை மேசையால் எழுத முடியவில்லை.

காலநிலை என்ற பெயர் இதற்குள் நுழைந்த விதம் தனியே பார்க்கத்தக்கது. 2019 ஒக்டோபரில் கொழும்பில் நிறைவேறிய நைட்ரஜன் முகாமை பற்றிய பிரகடனம், 2030க்குள் நைட்ரஜன் விரயத்தைப் பாதியாக்க வேண்டும் என்றது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. மிதமிஞ்சிய பசளையிலிருந்து எழும் நைட்ரஸ் ஒக்சைட் வாயு, நூறு ஆண்டுக் கணக்கில் காபனீரொக்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டும். விரயத்தைக் குறைக்கும் வழிகளும் தெரிந்தவையே: மண்ணைப் பரிசோதித்து அளவோடு இடுவது, பிரித்துப் பிரித்து இடுவது, இலை நிற அட்டையைப் பார்த்து இடுவது. பிரகடனம் குறைக்கச் சொன்னது விரயத்தை. வர்த்தமானி நிறுத்தியது பயிரின் உணவை. 2021 நவம்பர் 1ஆம் திகதி கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தத் தடை நாட்டின் சாதனையாக எடுத்துரைக்கப்பட்டது. மூன்று வாரம் கழித்து அந்தச் சாதனையே கைவிடப்பட்டது. நீர் கட்டிய வயலில் வைக்கோல் போன்ற மக்காத சேதனப் பொருளைக் கூடுதலாக இட்டால் மெத்தேன் வாயு அதிகம் வெளியேறும் என்பது நெல் ஆய்வாளர்கள் நீண்டகாலமாகச் சொல்லிவரும் விடயம். பூமியைக் காப்பதாகச் சொன்னவர்கள் அதையும் கேட்டறியவில்லை.

கேட்டறிய ஆளில்லாமல் போகவில்லை. விளைச்சல் விழும் என்று பேராதனைப் பல்கலைக்கழக விவசாய விஞ்ஞானிகள் ஆரம்பத்திலேயே எழுதினார்கள். தடையை விமர்சித்த மூத்த பேராசிரியர் ஒருவர் விவசாய அமைச்சின் குழுக்களிலிருந்து நீக்கப்பட்டார். உணவுத் தட்டுப்பாடு வரும் என்று வாய்திறந்த அமைச்சின் செயலாளர் 2021 டிசம்பரில் பதவி இழந்தார். விஞ்ஞானிகளை விலக்கிய இடத்தில் சுலோகக்காரர்கள் அமர்ந்தார்கள். நம் முன்னோர் யூரியாவா போட்டார்கள் என்பது அவர்களுடைய வாதம். அந்த முன்னோர் காலத்து விளைச்சல் எவ்வளவு என்பதை அவர்கள் சொல்வதில்லை. 1950களில் ஹெக்டெயருக்கு ஒன்றரைத் தொன் அளவே விளைந்தது, அதைப் பங்கிட ஒரு கோடிக்கும் குறைவானவர்களே இருந்தார்கள். இன்று இரண்டு கோடிக்கு மேல்.

தீர்மானம் எடுத்தவர்களின் முந்தைய வரலாற்றைப் பார்த்தால் இதில் வியப்புக்கு இடமில்லை. 2020 ஏப்ரலில் கொவிட்டால் இறந்தவர்களைத் தகனம் மட்டுமே செய்ய வேண்டும் என்று வர்த்தமானி போட்டவர்களும் இவர்களே. புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்பது காரணம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது, இலங்கை மருத்துவ சங்கமும் சொன்னது. பிறந்து 20 நாளான குழந்தையின் உடலும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. கிண்ணியாவிலும் மூதூரிலும் கந்தளாயிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்கள் நோயைவிட அந்த வர்த்தமானிக்கு அஞ்சி வாழ்ந்தன. 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கத்துக்கான தடை நீங்கி, ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் வேறொரு அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு சமூகத்தின் துக்கத்தை மிதித்தவர்கள் அன்றும் வாய்திறக்கவில்லை.

கொவிட்டை விரட்ட மந்திரித்த நீர்க் குடத்தை ஆற்றில் எறிந்ததும், நாட்டு மருந்தான கேகாலைப் பாணியைப் பகிரங்கமாகப் பருகிக் காட்டியதும் இதே ஆட்சியின் அமைச்சர்தான். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று வந்தது. ஆயிரக்கணக்கானோர் பாணிக்காக வரிசையில் நின்றார்கள். அந்த மக்களை ஏளனம் செய்து பயனில்லை. அமைச்சர் பருகினால் நாடு பருகும்.

சிறுநீரக நோயும் இந்த வரிசையில் சேரும். வடமத்திய மாகாணத்தில் ஆயிரக்கணக்கான விவசாயிகளை வதைக்கும் அந்த நோய்க்கு அரிசியிலுள்ள ஆர்சனிக் காரணம் என்று 2011இல் களனிப் பல்கலைக்கழகக் குழுவொன்று கூறியது. அத்தகவலைத் தெய்வம் அறிவித்ததாக அதைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவர் சொன்னார். பின்னர் களைநாசினி கிளைபோசேட் குற்றவாளியானது. 2015இல் அது தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. நோயின் காரணம் இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் இரசாயனம் என்றாலே நஞ்சு என்ற அச்சம் மட்டும் உறுதியாக வேரூன்றியது. 2021 வர்த்தமானி அந்த அச்சத்தை அறுவடை செய்தது.

வயலில் நடந்த அறுவடை வேறு. 2020/21 பெரும்போகத்தில் சுமார் 30 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் உற்பத்தி, அடுத்த பெரும்போகத்தில் சுமார் 19 இலட்சம் தொன்னாக விழுந்தது. விதைத்த பரப்பில் பெரிய மாற்றம் இல்லை. அரிசி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. தன்னிறைவை நெருங்கியிருந்த நாடு அரிசிக்குக் கையேந்தியது. விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் நட்டஈடு அறிவிக்கப்பட்டது, அதாவது பசளைக்குக் கொடுக்க மறுத்த பணத்தை நட்டத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். குளக்கோட்டன் கட்டியதென்று திருகோணமலைத் தமிழரும், அக்போ மன்னன் கட்டியதென்று சிங்கள வரலாறும் உரிமை கொண்டாடும் கந்தளாய்க் குளத்தின் கீழ் மூன்று இனத்தவரும் வேளாண்மை செய்கிறார்கள். மூன்று இனத்தாரின் வயலிலும் அடியிலை ஒரே மாதிரித்தான் பழுத்தது.

காலநிலை மாற்றம் இதற்கிடையே காத்திருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. திருகோணமலை மாவட்டத்தில் மாவிலாற்றுக் கரை உடைந்தது. எச்சரிக்கை எப்போது கிடைத்தது, யார் பொருட்படுத்தினார்கள் என்று பிறகு வாதம் நடந்தது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய் அணை உடைந்து 120க்கும் மேற்பட்டோர் மாண்ட ஊருக்கு, நீரைப் பற்றிய எச்சரிக்கை வெறும் அறிக்கை அல்ல. மழையின் போக்கு மாறிவரும் காலத்தில் எந்த நெல்லினத்தை விதைப்பது, குளத்தை எப்போது திறப்பது, எந்தக் கரையை முதலில் பலப்படுத்துவது என்ற கேள்விகள் போகம்தோறும் வரும். அவற்றுக்கு விடை சொல்ல வேண்டிய விவசாய விஞ்ஞானியும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் வளிமண்டலவியல் அதிகாரியும் 2021இல் கற்ற பாடம் ஒன்றே: உண்மை பேசினால் பதவி போகும்.

விஞ்ஞான ஆலோசனைக்கு அரசாங்கத்தில் மதிப்பும் பாதுகாப்பும் வேண்டும். பாடசாலையில் கற்கும் விஞ்ஞானம் பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிடாமல் கமநல சேவை நிலையம் வரை நடந்து வர வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, கொள்கை நல்லது, அவசரம்தான் பிழை என்ற பேச்சு நிற்க வேண்டும். 2021 மே 6ஆம் திகதித் தீர்மானம் பத்து ஆண்டு அவகாசத்தில் எடுக்கப்பட்டிருந்தாலும் பிழையான தீர்மானமே. அதை எடுத்தவர்கள் கந்தளாய் விவசாயிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.