பேஸ் கிட்டார் மூடி: கழற்றலாமா, வேண்டாமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் வேலை பார்த்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து பேஸ் கிட்டார் வாங்குபவரா நீங்கள்? சில மாடல்களில் ஸ்ட்ரிங்குகளுக்கு மேலே பளபளவென்று ஓர் உலோக மூடி வளைந்து நிற்கும். அதுதான் பிக்கப் மூடி. கழற்றலாமா?

1951-ல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸிலேயே இது உண்டு. மின் இரைச்சலைக் கொஞ்சம் தடுக்கும், கையை ஊன்றிக்கொள்ளலாம். ஆனால், கட்டை விரலால் தட்டி வாசிக்கும் ‘ஸ்லாப்’ பாணிக்கு இடைஞ்சல். அதனால் பலர் கழற்றிவிட்டார்கள்.

பிரிட்ஜ் மேல் இன்னொரு மூடி இருக்கும். அமெரிக்க பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் அதைக் கழற்றவில்லை. அதனடியில் இருந்த ஃபோம், ஒலி நீளாமல் அடக்கி ‘தும்’ என்று நிறுத்தியது.

ஆக, உங்கள் வாசிப்புதான் முடிவு சொல்லும். ஸ்க்ரூவைக் கழற்றி ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். மூடியையும் ஸ்க்ரூவையும் டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். பிடிக்காவிட்டால் திரும்ப மாட்டிவிடலாம்.

பிக்கப்பை ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் மட்டும் கை வைக்காதீர்கள். உள்ளே தலைமுடி போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். ஓரிடத்தில் அறுந்தாலும் சத்தம் போச்சு. சேர்த்த காசும் போச்சு!