வானில் ஒரு மணி. தரையில் ஒன்றரை நாள்!

திரிபுரா மாநிலத்தின் தலைநகரம் அகர்தலா. அங்கிருந்து கொல்கத்தாவுக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 330 கிலோ மீட்டர்தான். விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

ஆனால், கொல்கத்தாவில் இருந்து சரக்கு ஏற்றி வரும் லாரி டிரைவரின் பாடு வேறு. முதலில் அவர் வடக்கே சிலிகுரிக்குப் போகவேண்டும். பிறகு கிழக்கே கவுகாத்தி. பிறகு தெற்கே மேகாலயா மலைகள். அதன் பிறகே திரிபுரா. மொத்தம் சுமார் 1,600 கிலோ மீட்டர்! ரெயிலும் சுற்றித்தான் போகிறது. ஒன்றரை நாள் பிடிக்கிறது.

ஏன் இந்தச் சுற்று?

1947-ம் ஆண்டு நாடு பிரிந்தது. அதற்கு முன்பு அகர்தலா மக்கள் பக்கத்தில் உள்ள அகவுரா சென்று ரெயில் ஏறினார்கள். சாந்த்பூரில் நீராவிக் கப்பல். கோவாலந்தோவில் மறுபடியும் ரெயில். பிரிவினைக்குப் பின் நடுவே வேறு நாடு வந்துவிட்டது. அந்த வழி அடைபட்டது.

"விமானம் இருக்கிறதே, போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது. அரிசி, உப்பு, பெட்ரோல், சிமெண்டு எல்லாம் விமானத்திலா வரும்? மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரிந்தால் லாரிகள் வரிசையாக நின்றுவிடும். அந்தச் சுமை ஏழையின் தலையில்தான் விழும்.

இரு வீட்டுக்கும் லாபம்

வழி விட்டால் அண்டை நாட்டுக்கு என்ன லாபம்? அதற்கும் பதில் இருக்கிறது. திரிபுராவில் பாலாட்டானா என்ற இடத்தில் மின்நிலையம் கட்டினார்கள். அதன் கனமான எந்திரங்கள் மலைச்சாலையில் வர இயலாது. 2012-ம் ஆண்டுவாக்கில் வங்காளதேசம் தன் ஆற்று வழியைத் திறந்துவிட்டது. 2016-ம் ஆண்டு திரிபுராவில் இருந்து வங்காளதேசத்துக்கு 100 மெகாவாட் மின்சாரம் போகத் தொடங்கியது. வழி விட்ட வீட்டிலும் விளக்கு எரிந்தது!

2015-ம் ஆண்டு கொல்கத்தாவில் இருந்து டாக்கா வழியாக அகர்தலாவுக்கு பஸ் விடப்பட்டது. அந்த வழி சுமார் 500 கிலோ மீட்டர்தான். 2021-ம் ஆண்டு பெனி ஆற்றுப் பாலமும், 2023-ம் ஆண்டு அகவுரா ரெயில் பாதையும் திறந்து வைக்கப்பட்டன. நல்ல காரியங்கள். ஆனால் திறப்பு விழா மட்டும் போதாது. வண்டி ஓடவேண்டும்.

அயலாரின் சாலையில் நம் லாரி ஓடினால் சாலை தேயும். ஆகவே அவர்கள் கட்டணம் கேட்பது நியாயம். தயங்காமல் கொடுக்கவேண்டும். அரசுகளுக்குள் மனக்கசப்பு வரலாம், போகலாம். அதற்காக ஏழையின் அரிசி மூட்டையை எல்லையில் நிறுத்தக்கூடாது.

இந்த 1,600 கிலோ மீட்டர் இயற்கை வைத்த தூரம் அல்ல. மனிதன் வைத்த தூரம். அவன் மனம் வைத்தால் அது குறையும்!