தள்ளிப்போன துக்கம்

நம் நாட்டில் கல்யாணத்துக்கு அழைத்தால்தான் போவார்கள். சாவுக்கு அழைக்காமலே போவார்கள். பத்து வருஷமாக முகங்கொடுத்துப் பேசாத பங்காளிகூட, செய்தி காதில் விழுந்த மாத்திரத்தில் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வாசலில் பந்தல் போடுவதற்குள் தெரு நிறைந்துவிடும். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். பிள்ளைகள் கொள்ளிக்கும், பேரக் குழந்தைகள் நெய்ப்பந்தத்துக்கும், உற்றார் உறவினர் யாவரும் வாய்க்கரிசிக்கும் உரியவர்கள். இவற்றில் ஒருவருடைய இடம் காலியாக இருந்தால், அதை வேறொருவர் நிரப்பலாம். ஆனால் காலியாக இருந்தது என்பதை ஊர் மறக்காது. அவ்விடத்துக்கு உரியவரும் மறக்கமாட்டார்.

2020-ம் வருஷத்தில் இப்படிக் காலியாகக் கிடந்த இடங்கள் எத்தனை ஆயிரம்! அவற்றைப் பற்றியே இந்த வாரம் நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

தூரம் என்பது நம் முன்னோர்களுக்குத் தெரியாத சங்கதியன்று. தஞ்சை ஜில்லாவில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆளனுப்பாத கிராமங்கள் குறைவு. 1926-ம் வருஷம் முதல் சுமார் நாற்பத்தேழு வருஷ காலம் 'ரஜூலா' என்னும் கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாக அந்த ஊர்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. கப்பலேறிப் போனவர் அங்கே காலமானால், செய்தி தபாலில் வரும். கார்டின் ஓரத்தில் கறுப்பு மை தடவியிருக்கும். அதைக் கண்டதுமே தபால்காரர் வாசலில் தயங்கி நிற்பார். அத்தகைய கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகாமல், வெளியில் நின்றே படித்துவிட்டுக் கிழித்தெறிவது வழக்கம். நம் பாட்டியாருடைய தமையனார் பினாங்கில் இறந்தபோது, அந்தக் கறுப்பு ஓரக் கார்டு வந்து சேர மூன்று வாரம் ஆயிற்றாம். ஆனால் அது வந்து சேர்ந்த அன்றுதான் அவர் இறந்ததுபோல ஊர் கூடி அழுதது என்று பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

சாஸ்திரமும் இதை யோசித்தே வைத்திருக்கிறது. மனு ஸ்மிருதியில் நம் காலத்துக்கும் மனச்சாட்சிக்கும் ஒவ்வாத விதிகள் பல உண்டு. எனினும் அதன் ஐந்தாம் அத்தியாயத்தில், தூர தேசத்தில் இருந்துகொண்டு உறவினருடைய மரணத்தைக் கேள்விப்படுகிறவனுக்கென்று ஒரு விதி இருக்கிறது. பத்து நாளுக்குள் கேட்டால் எஞ்சிய நாட்களும், பத்து நாள் கடந்து கேட்டால் மூன்று நாளும் அவன் தீட்டுக் காக்க வேண்டும். ஒரு வருஷம் கடந்து கேட்டால் ஸ்நானம் செய்தால் போதும். இதன் உட்பொருள் என்ன? துக்கத்துக்கு இரண்டு தொடக்கம் உண்டு: இறந்தவர் கண்மூடிய நாள் ஒன்று, தூரத்தில் இருப்பவர் செய்தி கேட்ட நாள் மற்றொன்று. தாமதமாக வந்த துக்கமும் துக்கந்தான். அதற்கும் நாள் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இனி 2020-ம் வருஷத்துக்கு வருவோம். மார்ச் மாதம் 11-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம், கொரோனா நோய் உலகெங்கும் பரவிய கொள்ளை நோயாகிவிட்டது என்று அறிவித்தது. 22-ந் தேதி முதல் வெளிநாட்டு விமானங்கள் நம் நாட்டுக்கு வருவது நின்றது. 25-ந் தேதி தேசம் முழுவதும் ஊரடங்கு. சிங்கப்பூரில் ஏப்ரல் 7-ந் தேதி தொடங்கி ஜூன் 1-ந் தேதி வரையில் ஒரு வீட்டார் மற்றொரு வீட்டுக்குள் காலெடுத்து வைக்கலாகாது என்று தடை இருந்தது. நம் சர்க்கார், வெளிநாடுகளில் அகப்பட்டுக்கொண்டவர்களை அழைத்து வருவதற்காக மே 7-ந் தேதி முதல் விசேஷ விமானங்களை அனுப்பினார்கள். கடற்படைக் கப்பல்களும் போயின. ஜூன் மாதத் தொடக்கத்தில் 'ஜலாஷ்வா' என்னும் கடற்படைக் கப்பல் கொழும்பிலிருந்து நம்மவர்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் ஓட்டிய அதே கடல்வழியில், அன்று வீடு திரும்பிய ஜனங்கள் வந்தார்கள். ஆனால் விமானத்தில் உள்ள இடங்கள் சில, காத்திருந்தவர்கள் பலர். சாவு யாருக்காகவும் வரிசையில் நின்று காத்திருப்பதில்லை.

நம் வீட்டில் நடந்ததையே சொல்கிறோம்.

அவ்வருஷம் பொங்கல் கழிந்ததும் நம் தாய் தந்தையர், சிங்கப்பூரில் வேலையாயிருக்கும் நம் தம்பியின் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். தம்பி மனைவிக்குப் பேறுகாலம். துணைக்கு ஆள் வேண்டும். மார்ச் மாதக் கடைசியில் திரும்புவதாக ஏற்பாடு. தந்தையைப் பெற்ற பாட்டியார் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள கிராமத்தில் நம்முடன் இருந்தார். அவருக்கு வயது 91.

குழந்தை சுகமாகப் பிறந்தது. ஆனால் திரும்புகிற வழி அடைபட்டுவிட்டது. ஏப்ரல் மாதத்தில் பாட்டியார் படுக்கையில் விழுந்தார். கொரோனா அன்று, முதுமைதான். கைபேசியில் மகனுடைய முகத்தைக் காட்டினால், கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, “என்னடா, கப்பல் இன்னும் நாகப்பட்டினம் வரவில்லையா?” என்று கேட்பார். சின்னஞ்சிறு பெண்ணாக இருந்தபோது தமையனாரை வழியனுப்பிய கப்பல், கடைசிக் காலத்தில் அவர் நினைவில் வந்து நின்றுவிட்டது போலும். தந்தையும், “வந்துகொண்டே இருக்கிறதம்மா” என்று பதில் சொல்வார்.

மே மாதம் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அவர் காலமானார். சிங்கப்பூரில் அப்போது ஆறரை மணி. அந்தக் கணமே தந்தையைக் கூப்பிட்டுச் சொன்னோம். சிறிது நேரம் மறுமுனையில் சப்தமே இல்லை. பிறகு, “பக்கத்தில் யார் யார் இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். சொன்னோம். “அம்மா வாயில் என் பேரைச் சொல்லி ஒரு பிடி அரிசி போடு, தம்பி” என்றார். வேறொன்றும் பேசவில்லை.

சவ அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்பது அப்போதைய உத்தரவு. நம் தெரு ஜனங்கள் தத்தம் வாசற்படியில் நின்றே கைகூப்பினார்கள். மதுரையிலிருக்கும் பெரிய அத்தைக்கு ஜில்லாவைத் தாண்டுவதற்கான அனுமதிச் சீட்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பறையில்லை, பந்தியில்லை. மூத்த பேரன் என்ற முறையில் நாமே கொள்ளி வைத்தோம். கடலுக்கு அப்பால், பன்னிரண்டாம் மாடி வீடொன்றில், இரண்டரை மாதக் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையளவு திரையில் தந்தை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து குளித்துவிட்டு, ஒரு விளக்கை ஏற்றி வைத்தாராம். துக்கம் விசாரிக்க அடுத்த வீட்டுக்காரர்கூட வரமுடியவில்லை.

காவிரியில் அப்போது தண்ணீர் இல்லை. ஆகையால் அஸ்தியைக் கலயத்திலிட்டு, கொல்லையிலிருந்த வேப்ப மரத்தில் கட்டி வைத்தோம். ஜூன் 12-ந் தேதி, பல வருஷங்களுக்குப் பிறகு குறித்த நாளில் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். ஜூலை மாதத்தில் திருச்சிராப்பள்ளிக்கு வந்த விசேஷ விமானமொன்றில் தாய் தந்தையருக்கு இடம் கிடைத்தது. பதினான்கு நாள் தனிமை வாசம் முடிந்து தந்தை வீட்டுக்கு வந்தபோது ஆற்றில் புதுவெள்ளம் போய்க்கொண்டிருந்தது. தம் கையாலேயே தாயாரின் அஸ்தியைக் கரைத்தார். அதுவரையில் அவர் அழுததில்லை. அன்று மாலை திண்ணையில், எதிர்வீட்டுக் கிழவி பாட்டியாருடைய கடைசி நாட்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். எந்த நாளில் கஞ்சி குடித்தார், எந்த நாளில் குடிக்கவில்லை, யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்றெல்லாம் கிழவி விவரித்தபோதுதான் தந்தை குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரை யாரும் தடுக்கவில்லை.

வேறு சில வீடுகளில் வேறுவிதமாக நடந்ததையும் அறிவோம். ‘அந்நிய தேசத்தில் தனியாகக் கிடக்கிறான்; வரவும் முடியாது; சொன்னால் அவனும் படுத்துவிடுவான்’ என்று செய்தியை மறைத்து வைத்தார்கள். “பாட்டி தூங்குகிறாள்” என்று நாள் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதற்கு அன்புதான் காரணம் என்பதில் ஐயமில்லை. மகாத்மாவுக்கே இது நேர்ந்திருக்கிறது. 1888-ம் வருஷம் பாரிஸ்டர் படிப்புக்காகச் சீமைக்குப் போன காந்தியடிகள், 1891-ம் வருஷம் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கியபோதுதான் தம் தாயார் புத்லிபாய் முன்னமே காலமாகிவிட்டதை அறிந்தார். அந்நிய நாட்டில் தம்பி தவிக்கக் கூடாதென்று அவருடைய தமையனார் மறைத்து வைத்திருந்தார். தந்தை இறந்தபோது பட்ட துக்கத்தைவிட இது பெரிதாயிருந்தது என்றும், ஆயினும் வெளியில் காட்டிக்கொள்ளாமல் அடக்கிக்கொண்டதாகவும் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மகாத்மாவால் அடக்க முடிந்தது. எல்லோராலும் அது முடியுமா? தமையனாரின் அன்பை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், தாயார் உயிரோடிருக்கிறாள் என்று எண்ணி ஒருவர் கழித்த நாட்களை, பிறகு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. அழுவதற்கும் ஒரு பாத்தியதை உண்டு. அதை அன்பின் பெயராலும் பறிக்கலாகாது என்பதே நம் அபிப்பிராயம்.

நம் தந்தைக்காவது சுற்றிலும் மகனும் மருமகளும் பேரக் குழந்தையும் இருந்தார்கள். அதே சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகளில் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அநேகர். அவ்வருஷம் டிசம்பர் மாதத்தில் அந்நாட்டு அரசாங்கத்தார் வெளியிட்ட கணக்கின்படி, அவ்விடுதிவாசிகளில் நூற்றுக்கு 47 பேருக்கு நோய் தொற்றியிருந்தது. ஒரே அறையில் பலர் படுத்துறங்கும் இடத்தில், ஊரில் தாய் இறந்த செய்தி கேட்ட ஒருவன் எங்கே போய் அழுவான்? நாம் நிமிர்ந்து பார்த்து வியக்கும் மாடங்களைக் கட்டியவன் அவன். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவனாகையால், ஊரடங்கு நீங்கிய பிறகும் உடனே ஓடிவர இயலாதவன். இரண்டு மூன்று வருஷங் கழித்து அவன் வந்தபோது, “எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இனிப் பேசி என்ன?” என்று ஊரார் சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தைதான் நம்மை மிகவும் உறுத்துகிறது.

இப்படிப் பேசாமல் விட்ட துக்கம் என்னவாகும் என்பதற்கு நம் சரித்திரத்திலேயே சான்று உண்டு. 1918-ம் வருஷம் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக நுழைந்த விஷக் காய்ச்சல், இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொண்டுபோயிற்று. காந்தியடிகளின் மூத்த மருமகள் குலாப் அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களில் ஒருவர். 1911-க்கும் 1921-க்கும் இடையே தேசத்தின் ஜனத்தொகையே குறைந்தது. அத்தனை பேர் மாண்டும், அவர்களுக்காக நாம் வைத்த நினைவுக் கல் எங்கே? எந்த வீட்டில் அவர்களுடைய கதையைச் சொல்கிறார்கள்? இரண்டு தலைமுறைக்குள் பெயர்கூடத் தெரியாமல் போய்விட்டது. 2020, 2021 ஆகிய வருஷங்களில் போனவர்களுக்கும் அதே கதி நேரலாகாது.

2022-ம் வருஷம் மார்ச் 27-ந் தேதி முதல் வெளிநாட்டு விமானங்கள் முன்போல் ஓடத் தொடங்கின. அடுத்த வருஷம் மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தாரும் நெருக்கடி நீங்கியதாக அறிவித்துவிட்டார்கள். பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள், கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். அவர்களில் பலருக்குள் அந்தப் பழைய துக்கம் நாள் குறிக்கப்படாமலே கிடக்கிறது.

ஆகவே நேயர்களுக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இதுதான். உங்கள் வீட்டில் அக்காலத்தில் ஒரு பெரியவர் போயிருந்து, அவருடைய மகனோ மகளோ பேரக் குழந்தையோ கடல் கடந்த இடத்திலிருந்து வரமுடியாமற் போயிருந்தால், அடுத்த முறை அவர்கள் வரும்போது ஒரு நாளை அதற்கென்று ஒதுக்குங்கள். கூடுமானால் திதியையொட்டி வரச் சொல்லுங்கள். அவரவர் மதவழக்கப்படி ஒரு விளக்கோ, ஒரு பிரார்த்தனையோ, நாலு பேருக்குச் சாப்பாடோ போதும். பக்கத்தில் இருந்தவர்கள், கடைசி நாட்களில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லட்டும். வராமற்போனவரும் தம் பங்குக்குச் சொல்லட்டும். அந்த விடியற்காலையில் தாம் எங்கே இருந்தார், யாரிடம் சொன்னார், சொல்வதற்கு யாராவது இருந்தார்களா என்று. குழந்தைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். கொள்ளுப்பாட்டியின் பெயரை அவர்கள் அன்றைக்காவது தெரிந்துகொள்ளட்டும்.

வருஷங் கழிந்துவிட்டதே என்று யாரும் கூச வேண்டாம். ஒரு வருஷம் கடந்து கேட்டவனையும் ஸ்நானம் செய்யச் சொன்னார்களேயன்றி, சும்மா இரு என்று நம் பெரியோர்கள் சொல்லவில்லை.