வலுவான பைப் வேண்டாம், வளையுற பைப் போதும்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல "மெட்டீரியல்: 6061-டி6 அலுமினியம்"னு எழுதினவங்க எல்லாம் கை தூக்குங்க. ஏன் அதுன்னு ரிவ்யூல கேட்டா நாம சொல்ற பதில், "ஏரோபிளேன்ல அதைத்தான் சார் போடுறாங்க." அதோட கேள்வி முடிஞ்சிடும். ஆனா இன்ஜினுக்குக் காத்து கொண்டுபோற இன்டேக் பைப் விஷயத்துல அந்தப் பதில் செல்லாதுங்கிறது என் கட்சி.

"நாம எங்க பிளேன் கட்டப் போறோம்?"னு சிரிக்காதீங்க. மும்பையில அமோல் யாதவ்ங்கிற பைலட், வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானம் ஒண்ணைக் கட்டினார். 2016-ல 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில அது நின்னது. 2017-ல டிஜிசிஏ பதிவும் கிடைச்சது. அவ்வளவு தூரம் கூட வேண்டாம். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில நடந்த ஃபார்முலா பாரத் போட்டிக்கு பெட்ரோல் கார் கட்டின பசங்களுக்கும் இதே தலைவலிதான். 20 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் வழியா வர்ற காத்தை, இடுக்கான இடத்துல வளைச்சு சிலிண்டருக்குக் கொண்டுபோகணும்.

முதல்ல பலம் எவ்வளவு வேணும்னு பாருங்க. 40 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. கனம் உள்ள பைப்னு வெச்சுக்குவோம். டர்போ இல்லாத இன்ஜின்ல, பைப்போட உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் அதிகபட்சம் ஒரு அட்மாஸ்ஃபியர், அதாவது 0.1 மெகாபாஸ்கல். அதை விட்டத்தால பெருக்கி, கனத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா, பைப் சுவருக்கு வர்ற ஸ்ட்ரெஸ் சுமார் 1.7 மெகாபாஸ்கல். டி6-ஓட ஈல்டு 276. அதையே அனீல் பண்ணி மென்மையாக்கின 6061-ஓ கூட 55 தாங்கும். தேவையைப் போல முப்பது மடங்கு! அப்புறம் 276 எதுக்கு?

இப்ப வளைவுக்கு வாங்க. பைப் வளையும்போது வெளிப்பக்கம் இழுபடும். எவ்வளவுன்னு தோராயமா தெரியணும்னா, பைப் ஆரத்தை வளைவோட ஆரத்தால வகுங்க. 100 மி.மீ. வளைவுக்கு 20 சதவீதம். டி6 சுமார் 12 சதவீதம் நீண்டதுமே கிழிய ஆரம்பிக்கும். ஓ சுமார் 25 வரைக்கும் வரும். டி6-ஐ நம்பினா 160 மி.மீ.க்கு மேல ஆரம் வேணும். இன்ஜின் மூடிக்குள்ள அவ்வளவு இடத்தை யார் தருவாங்க?

"வெட்டி வெல்டு வெச்சா போச்சு"ன்னு சொல்லலாம். ஆனா வெல்டு சூட்டுல அதைச் சுத்தி இருக்கிற டி6 பலம் போயிடும். எதுக்குக் காசு கொடுத்தோமோ அதையே எரிச்ச மாதிரி.

எங்க ஒரத்தநாட்டுப் பக்கம் பம்ப்செட் வேலை பார்க்கிற பட்டறை அண்ணன் ஒருத்தர்கிட்ட இதைக் கேட்டேன். இந்த சதவீதக் கணக்கெல்லாம் அவர் போடல. "மணல் போட்டு வளைங்க தம்பி, சப்பையாகாது"ன்னார். சலிச்சு நல்லா வறுத்து ஆறவெச்ச ஆத்து மணலை பைப்புக்குள்ள தட்டித் தட்டி இறுக்கி, ரெண்டு முனையையும் மரக்கட்டையால அடைக்கணும். அனீல் பண்றதை அதுக்கு முன்னாடியே, வெறும் பைப்ல முடிச்சு ஆறவிட்டுடணும். ஈர மணலோட சூடு பண்ணினா ஆவி அடைப்பையே பிச்சுக்கிட்டு அடிக்கும். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது, திடீர்னு உருகிடும். அதனால மேல சோப்பைத் தேய்ச்சு, அது கருக்கிற நேரத்துல தீயை விலக்கிடுவாங்க.

இதுல அசட்டையா இருக்கக் கூடாத இடம் ரெண்டு. இது ஏர் ஃபில்டரைத் தாண்டி இருக்கிற பைப். உள்ள ஒட்டின ஒரு மணல் நேரா சிலிண்டருக்குத்தான் போகும். வளைவோட வெளிப்பக்கம் தலைமுடி அளவு கீறல் விட்டா, அது வழியா திருட்டுக் காத்து நுழையும். எரிபொருள் கலவை நீர்த்துப்போய் அந்த சிலிண்டர் சூடாகும். கார்னா ஓரங்கட்டலாம். ஆயிரம் அடி உயரத்துல ஓரம்னு ஒண்ணு கிடையாது.

டி6-ஐ நான் தூக்கிப்போடச் சொல்லல. இறக்கையைத் தாங்குற ஸ்ட்ரட்டுக்கு அதைக் கேளுங்க, நானே கையெழுத்துப் போடுறேன். இன்டேக்குக்கு வேண்டியது வளையணும், உள்ள வழவழப்பா இருக்கணும், காத்து கசியக் கூடாது. மிச்சம் இருக்கிற அதிர்வை நடுவுல போடுற ரப்பர் ஹோஸ் பார்த்துக்கும்.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துல 2020-லேர்ந்து சுகோய் இருக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ற நமக்கு, விமானம்னாலே இருக்கிறதுலயே கெட்டியான உலோகம்தான்னு மனசுல பதிஞ்சிடுது. ஆனா எது எங்க கெட்டியா இருக்கணும், எது எங்க விட்டுக்கொடுக்கணும்னு தெரிஞ்சு தேர்ந்தெடுக்கிறதுதான் இன்ஜினியரிங்.

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த ரிவ்யூக்கு ஸ்லைடு போடுறதுக்கு முன்னாடி ஒரு துண்டு பைப்பை நீங்களே வளைங்க. ஹேக்சா பிளேடு எடுத்து வளைவை நீளவாக்குல ரெண்டா அறுங்க. வெளிப்பக்கக் கனம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு வெர்னியர் வெச்சு அளந்து, அந்த ரெண்டு பாதியையும் சார் மேஜை மேல வையுங்க. "ஏன் இந்த மெட்டீரியல்?"னு கேட்டா, அதைக் காட்டிப் பேசுங்க.