டாலர் வந்தது, டாலர் போனது!

லாகோஸிலும் நைரோபியிலும், கெய்ரோவிலும் கேப்டவுனிலும் வாரம் தவறாமல் ஒரே மாதிரியான செய்திகள் வெளியாகின்றன. இன்ன கம்பெனிக்கு இத்தனை லட்சம் டாலர் மூலதனம் கிடைத்தது. இன்ன அறக்கட்டளை இளைஞர்களுக்கு நிதி வழங்குகிறது. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி இது. படித்த ஆப்பிரிக்க வாலிபர்கள் இச்செய்திகளை ஆவலோடு படிக்கிறார்கள். இரவு பகலாக விண்ணப்பம் எழுதுகிறார்கள். "ஸ்டார்ட்அப்" எனப்படும் புதுத் தொழில்களைத் தொடங்குங்கள், வறுமை ஒழியும், கண்டம் தலைநிமிரும் என்று அவர்களுக்கு நாள்தோறும் உபதேசம் செய்யப்படுகிறது.

இந்த வாலிபர்களைக் குறை கூறுவது நமது நோக்கமல்ல. அவர்களுடைய அறிவும் துணிவும் போற்றத்தக்கவை. சகாராவுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கோடி மக்களின் வீடுகளில் மின்சாரம் இல்லை. ஆப்பிரிக்காவில் உழைப்போரில் 100-க்கு 85 பேர் நிரந்தர வேலையோ சட்டப் பாதுகாப்போ இல்லாதவர்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2018-ல் கணக்கிட்டது. இந்தக் குறைகளை எப்படித் தீர்ப்பது என்று யோசித்துத் தொழில் தொடங்க முன்வருகிறவன் நாட்டுக்கு வேண்டியவன். அவனுக்குப் பணம் வேண்டும் என்பதும் நியாயமே.

ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? எப்போது வருகிறது? வந்தபின் எதைக் கொண்டு போகிறது? இந்தக் கேள்விகளைத்தான் செய்திகளில் யாரும் கேட்பதில்லை.

வட்டி ஏறியது, மூலதனம் ஓடியது

ஆப்பிரிக்கப் புதுத் தொழில்களில் முதலீடு செய்யும் பார்ட்டெக் என்ற ஸ்தாபனத்தின் ஆண்டறிக்கைகளையே எடுத்துக்கொள்வோம். 2021-ல் ஆப்பிரிக்கப் புதுத் தொழில்களுக்கு வந்த பங்கு மூலதனம் ஏறத்தாழ 520 கோடி டாலர். "ஆப்பிரிக்காவின் காலம் பிறந்துவிட்டது" என்று கோஷம் எழுந்தது. 2023-ல் வந்தது என்ன? ஏறத்தாழ 230 கோடி டாலர்! இரண்டே ஆண்டுகளில் பாதிக்கும் மேல் கரைந்துவிட்டது. வந்த தொகையிலும் பெரும்பகுதி நைஜீரியா, கென்யா, எகிப்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளோடு நின்றுவிட்டது. மற்ற 50 நாடுகளுக்கும் கிடைத்தது மிச்சம் மீதி.

அந்த இரண்டு ஆண்டுகளில் ஆப்பிரிக்க வாலிபர்களின் மூளை மழுங்கிவிட்டதா? ஆப்பிரிக்க மக்களின் தேவைகள் தீர்ந்துவிட்டனவா? இல்லை. நடந்தது வேறு. 2022 மார்ச்சில் அமெரிக்காவின் மத்திய பாங்கு வட்டி விகிதத்தை உயர்த்தத் தொடங்கியது. பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டி 2023 ஜூலையில் ஐந்தேகால் சதவிகிதத்தைத் தாண்டியது. சொந்த நாட்டிலேயே பத்திரமாக வட்டி கிடைக்கும்போது பணமூட்டைக்காரர்கள் நைரோபியில் ஏன் துணிச்சல் காட்டப் போகிறார்கள்? "துணிகர மூலதனம்" என்று பெயர் வைத்துக்கொண்ட மூலதனம், வட்டி ஏறியதும் துணிவை மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்பிவிட்டது!

இதன் பலனை அனுபவித்தவர்கள் யார்? சரக்குப் போக்குவரத்துக்காகக் கென்யாவில் தொடங்கப்பட்ட செண்டி கம்பெனி 2023-ல் மூடப்பட்டது. கிராமங்களுக்கு வீட்டுச் சாமான்களைக் கொண்டு சேர்த்த கோப்பியா கம்பெனி 2024 மே மாதத்தில் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போயிற்று. முதலீட்டாளர் ஒரு கம்பெனியில் விட்டதை இன்னொரு கம்பெனியில் பிடித்துக்கொள்வார். கிடங்கில் மூட்டை தூக்கியவனுக்கும் வண்டி ஓட்டியவனுக்கும் இன்னொரு கம்பெனி எங்கே இருக்கிறது?

ஆப்பிரிக்கப் பெயர், அயல்நாட்டு உடைமை

பணம் தங்கிய இடங்களின் கதை என்ன? அதையும் பார்ப்போம்.

ஜூமியா என்ற வாணிபக் கம்பெனி 2012-ல் லாகோஸில் தோன்றியது. அதற்குப் பின்னால் நின்றது ராக்கெட் இன்டர்நெட் என்ற ஜெர்மன் கம்பெனி. 2019 ஏப்ரலில் ஜூமியாவின் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையில் விற்பனைக்கு வந்தபோது "ஆப்பிரிக்காவின் வெற்றி" என்று பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் கம்பெனி பதிவாகியிருந்தது ஜெர்மனியில். தலைமையகம் பெர்லினில். பொறியியல் பிரிவு போர்த்துக்கல் நாட்டின் போர்ட்டோ நகரில். 1884-85-ல் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி ஆப்பிரிக்காவைப் பங்கு போட விதி வகுத்ததும் இதே பெர்லினில்தான் என்பதை ஆப்பிரிக்க மக்கள் மறந்துவிடவில்லை. 14 டாலர் 50 சென்ட்டுக்கு விற்ற பங்கு ஓராண்டுக்குள் 3 டாலருக்கும் கீழே விழுந்தது. 2019 நவம்பரிலேயே காமரூனிலும் தான்சானியாவிலும் கடை மூடப்பட்டுவிட்டது.

நைஜீரிய இளைஞர்கள் இருவர் உருவாக்கிய பேஸ்டாக் என்ற பணப் பட்டுவாடாக் கம்பெனியை 2020 அக்டோபரில் அமெரிக்காவின் ஸ்ட்ரைப் கம்பெனி வாங்கியது. விலை 20 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது. 2022-ல் 300 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட ஃப்ளட்டர்வேவ் கம்பெனியின் தலைமையகமும் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில்தான் இருந்தது. இவை விதிவிலக்குகள் அல்ல. அந்நிய மூலதனம் வேண்டுமானால் அமெரிக்காவின் டெலவர் மாநிலத்தில் கம்பெனியைப் பதிவு செய்துவிட்டு வா என்பது எழுதப்படாத நிபந்தனை ஆகிவிட்டது. வேலை லாகோஸில் நடக்கிறது; வாடிக்கைக்காரர் லாகோஸில் இருக்கிறார்; பங்குப் பத்திரமும் வழக்காடும் உரிமையும் கடல் கடந்து கிடக்கின்றன.

கானாவின் முதல் ஜனாதிபதி குவாமே நிக்ருமா 1965-ல் புதிய காலனி ஆதிக்கத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கொடியும் சட்டசபையும் சொந்தமாக இருந்தும், பொருளாதாரத்தின் கடிவாளம் வெளியே இருக்குமானால் சுதந்திரம் முழுமையாகாது என்பது அதன் சாரம். அன்று சுரங்கங்களையும் தோட்டங்களையும் கண்டு அவர் எழுதியது, இன்று கைத்தொலைபேசியில் நடக்கும் வாணிபத்துக்கும் பொருந்துகிறது.

கொடுக்கிற கையும் எடுக்கிற கையும்

"பங்கு கேட்காமல் கொடுக்கும் நிதிகளும் இருக்கின்றனவே?" என்று கேட்கலாம். இருக்கின்றன. நைஜீரியக் கோடீஸ்வரர் டோனி எலுமெலுவின் அறக்கட்டளை 10 ஆண்டுகளில் 10,000 பேருக்குத் தலா 5,000 டாலர் தருவதாக 2015-ல் ஒரு திட்டம் தொடங்கியது. திருப்பித் தர வேண்டாத பணம். பயன் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் 2019-ல் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள்; தேர்வானவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். ஏறத்தாழ 70 பேரில் ஒருவருக்குக் கிடைத்தது. மற்ற 69 பேருக்கு எந்த வழி? கூகிள் கம்பெனி 2021-ல் ஆப்பிரிக்காவின் 50 புதுத் தொழில்களுக்கு 30 லட்சம் டாலர் அறிவித்தது. அத்துடன் தன் சொந்தக் கணினிச் சேவையைப் பயன்படுத்தச் சலுகையும் தந்தது. சலுகைக் காலம் முடிந்தபின் அந்தச் சேவைக்கு மாதாமாதம் யார் பணம் கட்டுவது என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு உதாரணம் மிகவும் முக்கியமானது. ஆப்பிரிக்காவின் சிறு தொழில்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் மானியம் வழங்குவதற்காக 1980-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றி ஆப்பிரிக்க அபிவிருத்தி அறக்கட்டளையை உண்டாக்கியது. 2025 பிப்ரவரியில் டிரம்ப் ஒரு கையெழுத்துப் போட்டார். சட்டத்திற்கு அவசியமான அளவுக்குமேல் அந்த ஸ்தாபனம் இயங்கக் கூடாது என்று உத்தரவு! நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய ஸ்தாபனம் ஒரே நாளில் ஆட்டங்கண்டது. மானியத்தை நம்பி விதை வாங்கிய கூட்டுறவையோ, இயந்திரத்துக்கு முன்பணம் கட்டிய சிறு தொழிலாளியையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவல் குடை மழை வரும் நேரத்தில் பறிக்கப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சொந்தக் காலில் நிற்கும் வழி

அப்படியானால் ஆப்பிரிக்காவுக்கு வேறு வழியே இல்லையா? உண்டு. அதற்கான சான்றும் ஆப்பிரிக்காவிலேயே உண்டு.

கைத்தொலைபேசி மூலம் பணம் அனுப்பும் எம்-பெசா 2007 மார்ச்சில் கென்யாவில் தொடங்கியது. பாங்கின் வாசற்படி மிதிக்காத கோடிக்கணக்கானோர் இன்று அதன் வழியாகப் பணம் அனுப்புகிறார்கள். இதைத் துணிகர மூலதனம் படைக்கவில்லை. பிரிட்டிஷ் சர்க்காரின் பொதுப் பணம் ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டும் வோடஃபோன் கம்பெனியின் பணமும் சேர்ந்து சோதனைக்கு உதவின. அதை நடத்திய சஃபாரிகாம் கம்பெனியில் அன்று பெரும்பான்மைப் பங்கு கென்ய அரசின் கையில் இருந்தது. பொதுப் பணமும் பொது உடைமையும் சேர்ந்தால் புதுமை பிறக்காது என்பவர்களுக்கு இதுவே பதில்.

ஆனால் பொதுப் பங்கு இருந்தால் மட்டும் போதாது, கண்காணிப்பும் வேண்டும். 2012-ல் இதே எம்-பெசாவின் மீது எம்-ஷ்வாரி என்ற கடன் திட்டம் ஏற்றப்பட்டது. 30 நாள் கடனுக்குக் கட்டணம் 7.5 சதவிகிதம். 1,000 ஷில்லிங் வாங்கியவர் ஒரு மாதத்தில் 1,075 கட்ட வேண்டும். மாதாமாதம் வாங்கிக் கட்டினால் ஆண்டுக்கு 900 ஷில்லிங் கட்டணமாகவே போகும்! பெயர் புதுசு, கந்துவட்டி பழசு. பின்னர் கடன் செயலிகள் காளான்களைப் போல் முளைத்தன. 2021-ல் சட்டத்தைத் திருத்தி அவற்றை மத்திய பாங்கின் மேற்பார்வைக்குள் கொண்டுவர வேண்டிய நிலை கென்யாவுக்கு ஏற்பட்டது.

ஆப்பிரிக்க மக்களிடம் சேமிப்பு இல்லை என்பது கட்டுக்கதை. நைஜீரியாவில் எசூசு, கென்யாவில் சாமா, தென்னாப்பிரிக்காவில் ஸ்டாக்வெல் என்று நம் நாட்டுச் சீட்டைப் போன்ற சேமிப்புக் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கென்யாவின் சேமிப்புக் கடன் கூட்டுறவுச் சங்கங்கள் ஆசிரியர்களையும் விவசாயிகளையும் தொழிலாளர்களையும் தாங்கி நிற்கின்றன. நைஜீரியாவின் இக்போ வியாபாரிகளிடம் ஒரு மரபு உண்டு. பையன் சில ஆண்டுகள் எஜமானனின் கடையில் தொழில் கற்கிறான். முடிவில் தனிக்கடை வைக்க எஜமானன் மூலதனம் தருகிறான். கற்கும் காலத்தில் சம்பளம் இல்லை, கடைசியில் வாக்குத் தவறினால் கேட்க நாதியில்லை என்பது அதன் குறை. சட்டப் பாதுகாப்புக் கொடுத்தால் அது எத்தனை பேரைக் கடைக்காரர்களாக்கும்!

சர்க்கார்களும் சும்மா இருக்கவில்லை. துனீசியா 2018-ல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி வேலையில் இருப்பவர் ஓராண்டு விடுப்பு எடுத்துத் தொழில் தொடங்கலாம். தோற்றால் வேலைக்குத் திரும்பலாம். இது ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உண்மையான உதவி. நைஜீரியா 2022 அக்டோபரில் கொண்டுவந்த சட்டம், தொழிலைத் தொடங்கிய நைஜீரியரிடம் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது உடைமை இருக்க வேண்டும் என்கிறது. ஆண்டுக்கு 1,000 கோடி நைராவுக்குக் குறையாத விதை நிதியையும் விதிக்கிறது. அன்று டாலருக்கு ஏறத்தாழ 440 நைரா. அந்த நிதியின் மதிப்பு 2 கோடியே 27 லட்சம் டாலர். 2023 ஜூனில் நைராவின் மதிப்பைச் சந்தையின் போக்கில் விட்டார்கள். 2024-ல் டாலர் 1,500 நைராவைத் தொட்டபோது அதே நிதி 67 லட்சம் டாலராகச் சுருங்கிவிட்டது! ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது இதுதான். நாணயக் கொள்கை அந்நியக் கடன்காரர் சொற்படி நடக்கும்வரை தொழில் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

2022 ஜனவரியில் அக்ராவில் தொடங்கப்பட்ட ஆப்பிரிக்கப் பணப் பட்டுவாடா ஏற்பாடு சரியான திசையில் எடுத்து வைத்த அடி. ஒரு ஆப்பிரிக்க நாட்டு வியாபாரி பக்கத்து நாட்டுக்குப் பணம் அனுப்ப, அதை டாலராக்கி அயல்நாட்டு பாங்கு வழியாகச் சுற்ற வேண்டியதில்லை. சொந்த நாணயத்திலேயே கட்டலாம். இதனால் ஆண்டுக்கு 500 கோடி டாலர் மிச்சமாகும் என்பது ஆப்பிரிக்க ஏற்றுமதி இறக்குமதி பாங்கின் மதிப்பீடு. 2021-ல் வந்ததாகக் கொண்டாடப்பட்ட அந்நிய மூலதனத்தின் அளவே இதுவும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

உழைப்பவனை மறக்கலாமா?

புதுத் தொழில் பற்றிய செய்திகளில் தொடங்கியவனின் படம் வருகிறது. முதலீட்டாளரின் பெயர் வருகிறது. அங்கே வேலை செய்கிறவன் வருவதில்லை. நைரோபியில் அமெரிக்கக் கணினிக் கம்பெனிகளுக்காக, குத்தகைக் கம்பெனிகளின் கீழ், கொலையும் வன்முறையும் நிறைந்த படங்களையும் எழுத்துகளையும் நாள் முழுவதும் பார்த்துப் பிரிக்கும் வாலிபர்கள் உண்டு. மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவான கூலிக்கு இத்தகைய வேலை வாங்கப்பட்டதை 2023 ஜனவரியில் டைம் பத்திரிகை வெளியிட்டது. அதே ஆண்டு மே தினத்தன்று 150-க்கு மேற்பட்டவர்கள் நைரோபியில் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைக்கத் தீர்மானித்தார்கள். நாம் வாழ்த்த வேண்டிய ஆப்பிரிக்கப் புது முயற்சிகளில் இதுவும் ஒன்று.

விண்ணப்பம் எழுதும் ஆப்பிரிக்க வாலிபனிடம் "எழுதாதே" என்று நாம் சொல்லமாட்டோம். பசித்தவனுக்கு உபதேசம் உணவாகாது. எழுதட்டும், பணம் கிடைத்தால் வாங்கட்டும். ஆனால் கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். எத்தனை சதவிகிதப் பங்கு போகிறது? கம்பெனி எந்த நாட்டில் பதிவாகிறது? தகராறு வந்தால் எந்தக் கோர்ட்டு? பணம் நின்றால் தொழிலாளிக்குச் சேர வேண்டியதற்கு யார் பொறுப்பு?

சர்க்கார்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இதைவிடப் பெரியது. மக்களின் சேமிப்பும், ஓய்வூதிய நிதிகளும், சுரங்கங்களின் வருவாயும் நாட்டின் தொழிலுக்குப் பயன்படாமல் எங்கே போகின்றன? கூட்டுறவுகளுக்கும் பொது பாங்குகளுக்கும் அவற்றைத் திருப்பிவிடத் தடையாக நிற்பவர்கள் யார்? இந்தக் கேள்விகளை ஆப்பிரிக்க வாலிபர்களும் தொழிலாளர்களும் ஒன்றாக நின்று கேட்கும் நாளில், நிதிச் செய்திக்காக யாரும் கடல் பார்த்துக் காத்திருக்க வேண்டியிராது. அந்த நாளை நெருங்கச் செய்யும் ஒவ்வொரு சட்டத்தையும், ஒவ்வொரு சங்கத்தையும் ஜனநாயகத்தில் பற்றுள்ள அனைவரும் ஆதரிக்க வேண்டும்.